உங்களுக்குத் தெரியுமா? மலையே இல்லாத ஊருக்கு மலை சைக்கிள்!

ஒலிம்பிக்கில் மவுன்டன் பைக் பந்தயம் முதன்முதலாக நடந்தது 1996-இல், அமெரிக்காவின் அட்லான்டாவில். ஆண்களில் முதல் தங்கத்தைத் தட்டிச் சென்றவர் பார்ட் பிரெண்ட்யென்ஸ். எந்த மலைநாட்டுக்காரர் என்று நினைக்கிறீர்கள்? சுவிட்சர்லாந்தா? இல்லை. நெதர்லாந்து! நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நாடு!

திருநள்ளாறு வட்டாரத்துச் சுரக்குடிக்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அதைவிட மேட்டில்தான் இருக்கிறது!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? ஹென்ரிக் யெர்னிஸ் என்றொருவர் 1992, 1993, 1994 என்று வரிசையாக மூன்று ஆண்டு மலை சைக்கிள் உலக சாம்பியன். சொந்த நாடு டென்மார்க். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கை மேடு எவ்வளவு தெரியுமா? 171 மீட்டர்!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஓட்டிய 'மலை' எலான்கூர் குன்று. பாரிஸ் வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான். உயரம் 231 மீட்டர். இயற்கை தந்த குன்று என்று ஏமாந்துவிடாதீர்கள். பழைய கல் குவாரிக் குழியில் இடிபாட்டுக் குப்பையைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு! உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் தங்கத்துக்காக ஏறி இறங்கியது குப்பைமேட்டில்!

அந்தக் குப்பைமேட்டில் பெண்கள் தங்கம் வென்றவர் பிரான்ஸின் போலின் ஃபெரான் பிரெவோ. அம்மணி அதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே, 2025-இல், தார்ச்சாலைக்கு மாறி பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றுவிட்டார்!

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இதோ, நான் கைக்குள் பொத்தி வைத்திருந்த விஷயம்!

அமெரிக்காவில் பள்ளிகளுக்கென்றே மலை சைக்கிள் லீக் உண்டு. அதற்கு விதை போட்டவர் விளையாட்டு வாத்தியார் அல்ல. கணக்கு வாத்தியார்! பெர்க்லி உயர்நிலைப் பள்ளியின் மாட் ஃபிரிட்ஸிங்கர். ஆண்டு 1998.

பெர்க்லி என்றதும் எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? கமலா ஹாரிஸ் சிறுமியாக வளர்ந்த ஊர் அது. அவருடைய தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம், மன்னார்குடிப் பக்கம். அதாவது நம்ம டெல்டா! மலை சைக்கிளைத் தேடிப் போனால் வாய்க்கால் வழியாகத் திரும்பி நம் ஊருக்கே வருகிறோம், பார்த்தீர்களா!

ஃபிரிட்ஸிங்கர் தொடங்கியது ஒரு பள்ளிக்கூடத்துக் குழு. 2001-இல் அது வடக்குக் கலிஃபோர்னியா லீக் ஆனது. 2009-இல் நாடு தழுவிய அமைப்பே பிறந்தது. இன்றைக்கு 30-க்கும் மேற்பட்ட லீக்குகள், 20,000-ஐத் தாண்டிய மாணவ மாணவிகள்!

இந்த லீக்கில் ஒரு சட்டம் உண்டு. கேட்டால் மாற்று ஆட்டக்காரர் எல்லாரும் விசிலடிப்பார்கள். பெஞ்சு கிடையாது! கிரிக்கெட் என்றால் 11 பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் தூக்குவார்கள். இங்கே குழுவில் சேர்ந்த அத்தனை பேரும் கோட்டில் நிற்கலாம், அத்தனை பேரும் ஓட்டலாம். 'நீ ஓரமாக உட்கார்' என்ற பேச்சுக்கே இடமில்லை!

புதிதாக வந்த ஆறாம் வகுப்புப் பொடியனை பன்னிரண்டாம் வகுப்புப் புலியோடு மோத விடுவதில்லை. வகுப்புவாரியாக, திறமைவாரியாகத் தனித்தனிப் பந்தயம். கடைசியாக வருபவருக்கும் கோட்டருகே கைத்தட்டல் நிச்சயம்!

இன்னும் கேளுங்கள். குழுவுக்கு மதிப்பெண் கூட்டும்போது பையன்களின் புள்ளியை மட்டும் கூட்டிக் கோப்பை தூக்க முடியாது. பெண்களின் புள்ளியும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை! 'பொண்ணுங்களுக்கு எதுக்கு சைக்கிள் ரேஸ்' என்று கேட்ட பையன்களே, பக்கத்து வகுப்புத் தங்கச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டுக் குழுவில் சேர்க்க வேண்டிய நிலை! லீக்குக்கு விதை போட்ட ஆள் கணக்கு வாத்தியார் அல்லவா!

பயிற்றுநர்கள்? பெரும்பாலும் சம்பளம் வாங்காத அம்மாக்கள், அப்பாக்கள், ஆசிரியர்கள். எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டும்!

பெடல் மிதித்தால் மட்டும் போதாது. இந்தப் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்துப் பாதையையும் செப்பனிடுகிறார்கள். அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சித்திரையில் வாய்க்கால் தூர்வாரிய கைகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

அந்தக் கலிஃபோர்னியப் பள்ளி லீக்கில் ஓட்டிய ஒரு பெண் கேட் கோர்ட்னி. 2018-இல் உலக சாம்பியன்! அமெரிக்கப் பெண் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு இரட்டை சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து மிதித்தே பழகியவர்!

அவர் வளர்ந்தது டமால்பையஸ் மலையடிவாரத்தில். அட, மலை சைக்கிள் பந்தயம் பிறந்த தொட்டிலே அதுதான்! 1976 அக்டோபர் 21. ரீபேக் என்ற மண்பாதை இறக்கத்தில் முதல் பந்தயம். வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். வெற்றிக்குக் காரணம்? வந்தவர்களில் கீழே விழாத ஒரே ஆள் அவர்தான்!

ஓட்டிய வண்டிகளோ 1930, 40-களின் பழைய இரும்பு சைக்கிள்கள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய ரகம்! ஒரு தடவை இறங்கினால் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்தே போய்விடும். மறுபடி கழற்றி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த இறக்கத்தின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. கேரி ஃபிஷர் படைத்தது.

அதே கேரி ஃபிஷரைத்தான் 1968-இல் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்று தடுத்தார்கள். செய்த குற்றம்? முடி நீளமாம்! தடுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாகச் செய்த முதல் சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்!

காரைக்கால்காரர்களுக்கு ஒரு தனிச்செய்தி. 1903-இல் முதல் டூர் டி பிரான்ஸ் புறப்பட்டபோது காரைக்கால் பிரெஞ்சு மண்! அந்தக் கணக்கில் அது உங்கள் ஊர்ப் பந்தயம்தான், உரிமையோடு சொல்லிக்கொள்ளுங்கள். கிளம்பியவர்கள் 60 பேர். கடைசிவரை வந்து சேர்ந்தவர்கள் 21!

அடுத்த ஆண்டு 1904-இல் பெரிய கூத்து. முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் தில்லுமுல்லுக்காகத் தூக்கிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்தவர் சாம்பியன்! ஆன்ரி கார்னே. வயது 19! நூற்றிருபது ஆண்டு கடந்தும் டூர் டி பிரான்ஸின் மிக இளைய வெற்றியாளர் அவரே!

கியர் சைக்கிள் வாங்கித் தரவில்லை என்று வீட்டில் முறுக்கிக்கொண்டு திரியும் தம்பிகளே! இப்போது எல்லாரும் மாற்றுகிற அந்த கியர் பொறிக்கு டூர் டி பிரான்ஸில் 1937 வரை தடை! ஆல்ப்ஸ் மலையையே அது இல்லாமல்தான் ஏறினார்கள்!

கியர் இல்லாத சைக்கிளுக்கு மட்டுமே ஒரு பந்தயம் நம் பக்கத்திலேயே நடக்கிறது. அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி, செப்டம்பரில், தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் நடத்தும் பள்ளி மாணவர் சைக்கிள் போட்டி. விதி என்ன தெரியுமா? இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பையனின் லட்ச ரூபாய் வண்டிக்கு அனுமதி இல்லை! அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வந்து பரிசு அள்ளலாம்!

தூரம்? 13 வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், மாணவர்களுக்கு 15. பெரிய மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய். நாலாவது முதல் பத்தாவது வரை வந்தவர்களுக்கும் ஆளுக்கு 250 ரூபாய்! பத்தாம் இடத்துக்கும் பரிசு தருகிற போட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் பாருங்கள், காரைக்கால் புதுச்சேரிக் கணக்கு. சுற்றிலும் நாகையும் மயிலாடுதுறையும் தமிழ்நாட்டுக் கணக்கு. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கத்துப் பையன் பந்தயம் ஓட்டுவான், இந்தப் பக்கத்துப் பையன் கைதட்டுவான்!

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருவதில் தமிழ்நாடு முன்னோடி. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்தது. 2005-06-இல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் சைக்கிள்!

பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தார்கள். என்ன ஆனது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள்! ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது! புதிய பள்ளிக்கூடம் எதுவும் கட்டவில்லை. கொடுத்தது இரண்டு சக்கரம்!

இதற்கெல்லாம் அப்பன் ஒரு கதை புதுக்கோட்டையில் இருக்கிறது. எங்கே போனாலும் நான் அளக்கும் கதை இது. கொஞ்சம் நின்று கேளுங்கள்.

1990-களின் தொடக்கம். அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடு என்றார். 18 மாதத்தில் சைக்கிள் பழகிய கிராமத்துப் பெண்கள் 1,00,000-க்கும் மேல்! பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டால், மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவர்!

கல்லுடைக்கும் பெண்கள் ஓட்டினார்கள். அங்கன்வாடி ஊழியர்கள் ஓட்டினார்கள். ஊரறியப் பந்தயத் திடலில் இறங்கி ஓட்டிக் காட்டியவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல்! பேசாத வாய் இல்லை, சிரிக்காத திண்ணை இல்லை. கேட்டால்தானே!

1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். நகரமே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது!

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு கடையில் மட்டும் ஒரே ஆண்டில் விற்பனை 350 சதவீதம் ஏற்றம்! கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சில பேர் அதுதான் வேண்டும் என்றே கேட்டு வாங்கினார்கள். ஏன் தெரியுமா? முன்னால் குறுக்கே ஒரு பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! வண்டி செய்த எந்தக் கம்பெனி எஞ்சினியருக்கும் தோன்றாத யோசனை!

பார் என்றதும் நினைவுக்கு வருகிறது குரங்குப் பெடல்! சீட்டு எட்டாத வயதில், பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை சீட்டில் என்று ஓட்டினோமே, அதேதான். அந்தப் பெயரிலேயே 2024-இல் ஒரு தமிழ்ப் படம் வந்தது! மலை சைக்கிள் பயிற்சியில் முதல் பாடம் என்ன? சீட்டை விட்டு எழுந்து, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து வண்டியைக் கட்டுக்குள் வைப்பது. நாம் அதை எட்டு வயதிலேயே வாடகை சைக்கிளில் படித்து முடித்துவிட்டோம்!

இப்போது சொல்லப்போவதை நம்ப மாட்டீர்கள். கண் தெரியாதவர்கள் மலை சைக்கிள் ஓட்டுகிறார்கள். தனியாக! காட்டுப்பாதையில்!

அமெரிக்காவின் டேனியல் கிஷ்ஷுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு கண்ணையும் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். மனிதர் நாக்கைச் சொடுக்குகிறார். 'டிக்' என்ற அந்தச் சத்தம் மரத்தில் பட்டு, சுவரில் பட்டு, நிற்கிற காரில் பட்டுத் திரும்புகிறது. அதைக் காதால் 'பார்த்து' வண்டியை ஒடிக்கிறார். வௌவால் வித்தை! தானும் ஓட்டி, பார்வையற்ற பிள்ளைகளையும் மலைப்பாதையில் ஓட்டிச் செல்கிறார்!

முன்னால் போகிற வண்டி எங்கே இருக்கிறது என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? பிளாஸ்டிக் கட்டுவார் ஒன்றைச் சக்கரக் கம்பிகளில் உரசும்படி கட்டிவிடுகிறார்கள். வண்டி ஓட ஓட 'டர்ர்ர்' என்று சத்தம். சத்தம் வரும் திசையே வழி! சைக்கிள் கம்பியில் அட்டையைச் செருகி புல்லட் சத்தம் வரவைத்து அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே தொழில்நுட்பம்!

கால் நடக்காதவர்களுக்கும் காட்டுவழி திறந்திருக்கிறது. பனிச்சறுக்கில் விழுந்து முதுகெலும்பு அடிபட்ட கனடா எஞ்சினியர் கிறிஸ்டியன் பேக். தனக்கென்று ஒரு மூன்று சக்கர மலை சைக்கிளைத் தானே வடிவமைத்தார். முன்சக்கரம் இரண்டும் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தனித்தனியாகச் சாயும். மரவேரில் ஏறினாலும் ஓட்டுபவர் எளிதில் கவிழ மாட்டார்!

பாராலிம்பிக் சைக்கிளில் இந்தியா முதன்முதலாக இறங்கியது 2024 பாரிஸில். போனவர்கள் இருவர். ஜோதி கடேரியா, அர்ஷத் ஷேக். ஒரு பெண், ஓர் ஆண். சரிபாதி!

டெபோரா ஹெரால்ட் பெயர் கேட்டிருக்கிறீர்களா? நிக்கோபார்ப் பெண். 2004 டிசம்பர் 26. காரைக்காலைப் புரட்டிய அதே சுனாமி அங்கேயும் புகுந்தது. வயது 9. மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் பிழைத்தார். 2015-இல் 500 மீட்டர் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் 4-ஆம் இடம்!

அதே நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் 2018-இல் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. சைக்கிளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலக சாம்பியன்ஷிப் பதக்கம் அது! இருவருமே கடற்கரைத் தீவுப் பிள்ளைகள். மலைவாசி, சமவெளிவாசி என்றெல்லாம் சக்கரம் பார்ப்பதில்லை!

ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது எங்கே? இமயமலைக்கா? இல்லவே இல்லை! 2023 அக்டோபர், கேரளத்துப் பொன்முடி! பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியும் அதுவே. காலையில் காரைக்காலில் கிளம்பினால் ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்!

மலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பூட்டானுக்குப் போகலாம். அங்கே டிராகன் பந்தயம். நான்கு மலைக் கணவாய், 268 கிலோமீட்டர். எத்தனை நாளில்? ஒரே நாளில்!

மணல்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நெதர்லாந்தில் எக்மண்ட் கடற்கரைப் பந்தயம். ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் மலை சைக்கிளில் அலையோரமாகவே பறக்கிறார்கள்! பாதை போட வேண்டாம், செப்பனிட வேண்டாம். கடல் வற்றினால் பாதை தயார்! காரைக்கால் கடற்கரையில் மாலையில் சுண்டல் தின்றுகொண்டே இதை ஒரு தடவை யோசித்துப் பாருங்களேன்.

மணலில் சக்கரம் புதைகிறதா? டயரில் காற்றைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்! டயர் தட்டையாகப் பரவி மணல்மேல் மிதக்கும். இதையே கொள்கையாக வைத்துப் பிறந்ததுதான் 'ஃபேட் பைக்'. டயரின் அகலம் ஏறக்குறைய 4 அங்குலம். சாதாரண சைக்கிள் டயர் இரண்டரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பத்தாது!

நம் ஊரில் வரப்பு இருக்கிறது. வாய்க்கால் கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு மணல் இருக்கிறது. குறுவை அறுத்த தாள் வயல் இருக்கிறது. ஒரு சாண் அகல வரப்பில் பின்கேரியரில் புல்லுக்கட்டோடு பேலன்ஸ் போகாமல் வரும் பிள்ளையைப் பார்த்தால் கலிஃபோர்னியக் கோச்சு கையோடு கூட்டிப் போய்விடுவார்!

சரி, ஹீரோ சைக்கிள்ஸ் உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸில் ஏறிய ஆண்டு தெரியுமா? 1986! நம்ம சென்னையில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதோ அதற்கும் முன்னால், 1949! அப்பா ஓட்டிய ஹெர்குலிஸும் அக்கா ஓட்டிய பி.எஸ்.ஏ.வும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்!

செயின் கழன்றுவிட்டது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறீர்களா? ஆரோன் க்வின் கதையைக் கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். 2015, ஆஸ்திரியாவின் லியோகாங். மலையிறக்க உலகக் கோப்பை. கிளம்பிய மறுகணமே செயின் அறுந்து போனது. பெடல் மிதித்துப் பயனில்லை. மனிதர் நிறுத்தவே இல்லை. வளைவில் சாய்ந்து, மேட்டில் அமுக்கி, உருட்டிக்கொண்டே வந்தார். எத்தனையாவது இடம் என்கிறீர்கள்? முதல் இடம்!